சாமி குடித்த மிச்சம்

அக்கா, அந்தப் பையை மட்டும் காலால் தள்ளிடாதீங்க. உள்ளே கண்ணாடிப் பாட்டில் இருக்கு. குழந்தைக்குப் பாலா என்றா கேட்கிறீங்க? இல்லை. பீர்.

ஐயோ, அப்படிப் பார்க்காதீங்க. எனக்கில்லை. எங்க வீட்டுக்காரருக்கும் இல்லை. சாமிக்கு. குழந்தையோட துண்டில் சுற்றி, நாப்கின்களுக்கு நடுவில் செருகி வைத்திருக்கிறேன். இந்த பஸ் குலுக்குகிற குலுக்கலில் அது ஆடிவிடக் கூடாது. ஆடினால் திறக்கும்போது பொங்கும். பொங்கினால் சாமி வேண்டாமென்று துப்பிவிட்டதாக அர்த்தம். எங்க ராக்கு அண்ணி அப்படித்தான் சொல்வாங்க. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரோட அக்கா. மாமியார் இல்லாத வீடு. எனக்கு நல்லது கெட்டது சொல்ல அவங்கதான்.

ஜன்னலைச் சாத்தலாம் என்று பார்த்தால் இந்தக் கண்ணாடி நகர மாட்டேன் என்கிறது. நீங்களும்தான் இழுத்துப் பார்த்தீங்க. கண்டக்டரிடம் சொன்னதற்கு, "சித்திரை வெயில்ல ஜன்னலச் சாத்தச் சொல்ற மொத ஆளு நீதாம்மா" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன தெரியும். இவனுக்குக் காற்று ஆகாது அக்கா. வீட்டில் ஒரு ஜன்னலைத் திறக்க மாட்டோம். அதனால்தான் பைக்கில் உட்காராமல் நான் பஸ்ஸில் வருகிறேன். அவரும் அண்ணியும் காலையிலேயே பைக்கில் போய்விட்டார்கள். கோபால்பட்டி தாண்டினால் கருப்பு கோயில் விலக்கு என்று ஒரு ஸ்டாப் வருமே, அங்கே நிற்பார்.

தூங்கிவிட்டான் பாருங்க. கவின் நான் வைத்த பெயர். கருப்பையா அவங்க வைத்தது. சர்டிபிகேட்டில் இரண்டும் சேர்ந்து இருக்கு. போன மாதம்தான் ஒரு வயது முடிந்தது. வீசிங் அக்கா. நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நீங்க கேட்டிருக்கீங்களா? கேட்காதவரைக்கும் நல்லது.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. கான்வென்ட்டில் படித்தவள். மாரல் சயின்ஸ் வகுப்பில் மூடநம்பிக்கையைப் பற்றி நான் எழுதின கட்டுரையை சிஸ்டர் பக்கத்து செக்‌ஷனிலும் போய் வாசித்துக் காட்டினாங்க. நுரையீரல் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூச்சுக்குழாய் ஒவ்வொன்றையும் மரக்கிளை மாதிரி பிரித்துப் பிரித்து வரைந்து பிங்க் கலர் தீட்டுவேன். அப்படிப்பட்டவள்தான் பீர் பாட்டிலைக் குழந்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போகிறேன். என்ன செய்ய? பரீட்சைக்கு வந்த நுரையீரல் பேப்பரில் இருந்தது. இது என் மடியில் இருக்கு.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்க நத்தம் வரைக்கும்தானே? நேரமிருக்கு.

அவங்க குடும்பத்தில் ஒரு வழக்கம். ஆண் குழந்தை பிறந்தால், முடி இறக்கின கையோடு கோயிலில் பிடிமண் எடுத்து ஒரு சின்ன மரப்பெட்டியில் வைத்துக் கருப்பசாமியை வீட்டுக்குக் கூட்டிவரணும். பிள்ளை நன்றாக நடை பழகும்வரை அவர் காவல். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைத்த பிறகு சுருட்டும் சாராயமும் படைக்கணும். எங்களுக்குத் திண்டுக்கல்லில் வாடகை மாடி. பூஜை அறையெல்லாம் கிடையாது. ஹாலில் வைத்தால் படியேறி வருகிறவர் கண்ணெல்லாம் படும். அதனால் பெட்ரூம் அலமாரி. தொட்டிலுக்கு நேர் மேலே. "காவலுக்கு வந்தவரு புள்ள பக்கத்துலதான இருக்கணும்" என்றாங்க அண்ணி. நியாயம்தானே?

சாராயம் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது? பிராந்தி வைக்கலாம் என்றாங்க. எங்க வீட்டுக்காரர்தான், "கொழந்த இருக்குற ரூம்ல பிராந்தி நாறும்க்கா. பீரு வெச்சுக்கலாம், அதுல என்ன இருக்கு, பார்லித் தண்ணிதான" என்று சொன்னார். குழந்தை விஷயத்தில் அவருக்கு அவ்வளவு யோசனை.

முதல் வெள்ளிக்கிழமை நான் பாட்டிலைப் பிரிட்ஜில் வைத்து ஜில்லென்று எடுத்துப் படைத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைப்பு. அண்ணி டம்ளரைத் தொட்டுவிட்டுச் சுட்டதுபோல் கையை உதறினாங்க.

"என்னடி சுகிர்தா, ஐஸ் பீர வெச்சிருக்க? மலையடிவாரத்துல வெயிலும் பனியுமா நிக்கிற சாமி. சளி கட்டாதா அவருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. சாமிக்குச் சளியா என்று. சத்தம்கூட வரவில்லை, தோள்தான் குலுங்கியது. மறுநாள் காலையில் இவனுக்கு மூக்கு ஒழுகியது. அதற்கடுத்த நாள் நெஞ்சில் அந்தப் பூனைக்குட்டி. அண்ணி என்னைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் அந்த அலமாரிக்கு முன்னால் பல்லைக் காட்டினதே இல்லை.

பிறகு எல்லாம் முறைப்படி. பீர் வெதுவெதுப்பாகத்தான். சாமிக்கு வைத்து எடுத்த பிறகு எங்க வீட்டுக்காரர் அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்துக்கொள்வார். சூடான பீர் அவருக்கு இறங்காது, பாவம்.

சுருட்டை வீட்டு ஆம்பளைதான் பற்றவைக்கணும். நாலு இழுப்பு இழுத்து, நெருப்பு நன்றாகப் பிடித்ததும் சாமி முன்னால் வைப்பார். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். சாமி குடிக்கிற புகை வீட்டைவிட்டுப் போனால் காவலும் கூடவே போய்விடுமாம். அதோடு கீழ் வீட்டு ஓனர் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் வந்து நின்று, "இங்க குடும்பம் நடத்துறீங்களா, சுருட்டுக் கம்பெனி நடத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது. அன்றிலிருந்து கதவுக்கடியில் ஈரத்துணி வைத்து அடைத்துவிடுகிறேன். ஏசிக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கையும் பேப்பர் திணித்து மூடிவிட்டேன். ஒரு நூல் புகை வெளியே போகாது. அந்த வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது.

சாம்பல் உதிராமல் விரல் நீளத்துக்கு நின்றால் சாமிக்குத் திருப்தி. பாதியில் உதிர்ந்தால் ஏதோ குறை. மிச்சத்தைக் கீழே போடக் கூடாது. சாமி குடித்த மிச்சம் பிரசாதம் மாதிரி. வீட்டு ஆம்பளை அதே இடத்தில் உட்கார்ந்து முடிக்கணும். அவர்தான் முடிப்பார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரு இழுப்பு, ஒரு வாய். அவருக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது அக்கா. பெண் பார்க்க வந்தபோதே எங்க அப்பா நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தார். டைல்ஸ் கடையில் சேல்ஸில் இருக்கிறார். கூட வேலை செய்கிறவர்களெல்லாம் டீக்கடையில் ஊதிக்கொண்டு நிற்கும்போது இவர் தள்ளித்தான் நிற்பாராம். சாமிக்காகத்தான் இது.

அப்படியும் இவனுக்கு நெஞ்சு தெளியவில்லை. சாம்பலும் பாதியில் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். வெளிநாட்டில் சுருட்டுக்கும் பீருக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள் தெரியுமா? நாம் ஜாதகத்துக்குப் பார்ப்பதுபோல்தான். ஒருநாள் எழுந்து உட்கார்ந்தார்.

"சுகி, தப்பு எங்கன்னு புரிஞ்சுபோச்சுடி. வெக்கிறது காட்டமான சுருட்டு. ஊத்துறது தண்ணி மாதிரி பீரு. சுருட்டு பீர முழுங்கிருது. சாமி நாக்குல பீரே தட்டாது. கறிச்சோத்துக்கு யாராச்சும் மோர ஊத்துவாங்களா?"

"அப்ப சுருட்ட லேசானதா வாங்கிட்டு வாங்களேன்" என்றேன்.

"கருப்பனுக்கு லேசான சுருட்டா? நல்லாருக்குடி. அடுத்து பீடிய வெச்சுக் கும்புடலாம்."

அப்புறம் ஸ்ட்ராங் பீர் வந்தது. அது தலைக்குத்தான் ஏறுகிறது, வாயில் நிற்கவில்லை என்றார். பாண்டிச்சேரி போன சிநேகிதரிடம் சொல்லிக் கறுப்பு பீர் வரவழைத்தார். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு. மூடியைத் திறந்தால் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை. அதற்குத் தோதாக என் கட்டைவிரல் பருமனில் உறையூர்ச் சுருட்டு. கையில் எடுத்தாலே கருப்பட்டியும் தோலும் கலந்த மாதிரி ஒரு வாடை. படைத்து எடுத்தபின் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இதுதாண்டி ஜோடி. பீரு மொதல்ல லேசா இனிக்கும், அப்புறம் கசக்கும். அந்தக் கசப்பு போறதுக்குள்ள ஒரு இழுப்பு. புகைய வாயிலயே வெச்சு உருட்டணும். நாக்குல மொளகு பொரியும் பாரு. அவசரப்படக் கூடாது."

சாமி சார்பில் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறாரே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அன்றைக்குச் சாம்பல் விரல் நீளத்தையும் தாண்டி நின்றது அக்கா. வெள்ளைவெளேரென்று. கும்பிட்டுக்கொண்டே நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. பக்திதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் இவன் உதடு நீலமாகிவிட்டது.

அதை எப்படிச் சொல்வது. விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே உள்ளே போகிறது. அழ வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. ஆட்டோவில் போகும்போது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதா ஜெபம் தானாக வாயில் வந்துவிட்டது. உடனே பயம். கருப்பசாமிக்குக் கோபம் வந்துவிட்டால்? ஒரு வரி மாதாவுக்கு, ஒரு வரி கருப்பனுக்கு என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

டாக்டர் இவன் முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பிடித்துக்கொண்டே கேட்டாங்க. "வீட்டுல யாராவது ஸ்மோக் பண்றாங்களா?"

"இல்ல டாக்டர். அவருக்குச் சிகரெட் பழக்கமே இல்ல."

"கொசுவத்தி? சாம்பிராணி? பூனை, நாய்?"

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கொசுவத்தி இல்லை, ஊதுபத்தி இல்லை. ஜன்னல் திரையைக் கழற்றினேன். எங்க அண்ணன் வாங்கித்தந்த கரடி பொம்மையைப் பரணில் போட்டேன். எதிர்வீட்டுப் பூனைக்குப் பால் வைப்பதைக்கூட விட்டுவிட்டேன், அது வாசலில் வந்து கத்திக் கத்திப் போனது. அடுத்தமுறை போனபோது டாக்டர், "படிச்ச அம்மாங்கிறது சரியாத்தான் இருக்கு" என்றாங்க. ஆனால் இவனைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறினாங்க. "இன்னொரு தடவை அந்த மாதிரி வந்துச்சுன்னா தாங்க மாட்டான்மா. வீட்டுல என்னமோ இருக்கு. தேடுங்க."

நானும் தேடாத இடமில்லை. கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால், தலையணைக்குள்.

பொய் சொல்லவில்லையே அக்கா? அவங்க கேட்டது ஸ்மோக் பண்ணுகிறாரா என்று. சாமி காரியத்தை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? கேட்டு அவங்க சிரித்துவிட்டால்? நான் தோள் குலுங்கினதற்கே இவ்வளவு. அவங்க சிரிப்பையும் யார் சுமப்பது?

வெள்ளிக்கிழமை மட்டும் போதாது, செவ்வாயும் வை என்றாங்க அண்ணி. அப்புறம் ஞாயிறு. இப்போது தினமும். அவர் ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. முன்பெல்லாம் கடை அடைத்து, சிநேகிதரோடு பேசி, எப்போதோ வருவார். இப்போது நேரத்துக்கு வந்துவிடுகிறார். "எல்லாம் புள்ளைக்காகத்தாண்டி" என்கிறார்.

நடுவில் எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நத்தத்தில் என் பிறந்த வீட்டுக்குப் போய்த் தங்கினேன். அங்கே இருந்தவரை இவனுக்கு ஒன்றுமே இல்லை. வாசல் மண்ணில் உருண்டான், கோழியைத் துரத்தினான், மாங்காயை நக்கினான். மருந்துப் பையைத் திறக்கவே இல்லை. வீட்டுக்குத் திரும்பின அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அண்ணியிடம் சொன்னேன். அவங்க உடனே பிடித்துக்கொண்டாங்க.

"அவரு எல்லை கோயிலோட முடியுது. அதுக்கு அங்குட்டு அவரு காவலும் இல்ல, கோவமும் இல்ல. உங்க ஆத்தா வீட்டுல நல்லாருந்தான்னா என்ன அர்த்தம்? எந்தம்பி வீரணன் மேல கோவமில்ல, எம்மேல இல்ல. உன்மேலதான்."

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அதற்குத்தான் இன்றைக்குப் போகிறோம். பூசாரிமேல் சாமி இறங்கும். உள்ளே சின்ன அறை, ஆள் குனிந்துதான் நுழையணும். இவனை அங்கே கிடத்திக் கதவைச் சாத்துவாங்க. சாமி பீரை ஒரு வாய் வைத்து, சுருட்டை நன்றாக இழுத்து, இவன் வாயோடு வாய் வைத்த மாதிரி மூஞ்சியில் ஊதும். சுருட்டு முடிகிறவரைக்கும். "சாமி தன் மூச்சப் புள்ளைக்குக் குடுக்கும். அதுக்கப்புறம் மூச்சுங்கிற பிரச்சினையே கெடையாது" என்றாங்க அண்ணி. சாமி ஏற்றுக்கொள்ளணுமே என்றுதான் எனக்குக் கலக்கம்.

என்ன கேட்டீங்க?

அவர் அந்த மிச்சத்தைக் குடிக்கும்போது குழந்தை எங்கே இருக்கும் என்றா? தொட்டிலில்தான். வேறெங்கே இருப்பான்? ஏசி அந்த ரூமில்தானே இருக்கு.

அக்கா, அப்படிப் பார்க்காதீங்க. நீங்க நினைக்கிறதை நினைக்காதீங்க. நானும் ஒருநாள் நினைத்தேன். நினைத்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலமே இவனுக்கு மூச்சு வாங்கியது. நினைப்புக்கே அவ்வளவு என்றால் வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும்? வேண்டாம். சொல்லாதீங்க. சொல்லிவிட்டு நீங்க உங்க ஊரில் இறங்கிப் போய்விடுவீங்க. விழுவது என் பிள்ளைமேல்.

அவரிடமும் ஒருதடவை, "மிச்சத்த மொட்டமாடில போய்க் குடிங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். உடைக்கவில்லை, வைத்தார். "சாமிய மொட்டமாடிக்குத் தொரத்துறியா? கான்வென்ட்டுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். மறுநாள் அண்ணி வந்து, என் கழுத்துச் செயினை விரலால் தூக்கிப் பார்த்தாங்க, மாதா டாலர் ஏதாவது மாட்டியிருக்கிறேனா என்று. என்னைக் கொண்டுபோய் நத்தத்தில் விட்டுவிட்டு, பிள்ளையை அவங்க வளர்க்கிறதாகவும் ஒரு பேச்சு வந்தது. காவல் இருக்கிற வீட்டில்தான் வளரணுமாம். அந்த ரூமில், நான் இல்லாமல்.

கோபால்பட்டி தாண்டிவிட்டதா? எப்போது தாண்டியது? அப்போ அடுத்ததுதான்.

இவனைப் பாருங்களேன். ஏறினதிலிருந்து ஒரு இருமல் இல்லை. இவ்வளவு புழுதி, டீசல், காற்று மூஞ்சியில் பளார் பளாரென்று அடிக்கிறது. வாயைத் திறந்துகொண்டு, எச்சில் ஒழுக, அரசன் மாதிரி தூங்குகிறான். நாம் புறப்பட்டதிலேயே சாமி மனம் இரங்கிவிட்டார் போல. அப்படித்தானே?

"கருப்பு கோயில் விலக்கு எறங்கு! கைப்புள்ளக்காரம்மா, ஒன்ன எறக்கிவிடச் சொன்னியே, எந்திரி."

அதோ நிற்கிறார் பாருங்க. வேப்பமரத்தடியில், நீலச் சட்டை. பக்கத்தில் அண்ணி. கையை ஆட்டுகிறாங்க. எழுந்திருக்கணும். கால் மரத்துவிட்டது. கொஞ்சம் இருங்க. இதோ.

இல்லைங்க கண்டக்டர். போகட்டும். பஸ் போகட்டும்.

இல்லை அக்கா, இப்போது எழுப்பினால் அழுவான். அழுதால் மூச்சு வாங்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தன் முன்னால் கொண்டுவரச் சொல்லி எந்தச் சாமியும் கேட்காது. இவர் கேட்க மாட்டார். முழித்ததும் எதிர் பஸ் பிடித்து வந்துவிடுவேன். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. கண்டக்டர், நத்தத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்க.

பின்னால் ஓடி வருகிறாரா? பார்க்காதீங்க. நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காதீங்க. போன் அடிக்கிறது, அடிக்கட்டும். எடுத்தால் பேசணும். பேசினால் இவன் முழித்துக்கொள்வான்.

அக்கா, ஒரு உதவி செய்வீங்களா? குனிந்து இவன் நெஞ்சில் காதை வைத்துக் கேளுங்க. எனக்கு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்கவில்லை. பஸ் இரைச்சலில் கேட்கவில்லையா, இல்லை நிஜமாகவே இல்லையா? நன்றாக அழுத்தி வைத்துக் கேளுங்க.

சத்தம் இல்லையா? உங்க பிள்ளைமேல் சத்தியமாக?

இன்னொரு தடவை கேளுங்க அக்கா.